கதையும் வினாவும்: தெஹியோவிட்டத் தோட்டப்புறச் சிறுவர் வாசிப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் விமர்சனம் சிறுகதை, நாவல், கவிதை ஆகிய துறைகளைப் பற்றி விரிவாகவே பேசி வந்துள்ளது. நாட்டார் வழக்காறுகளும் பல்கலைக்கழக மட்டத்தில் உரிய கவனத்தைப் பெற்றுள்ளன. ஆயின், ஆசிரியரொருவர் சிறுவர் முன்னிலையில் கதையொன்றினை உரக்க வாசிக்கும்போது அங்கு யாது நிகழ்கின்றது என்பதை விமர்சனத்துக்குரிய பொருளாக நாம் கொள்வது அரிது. அது கற்பித்தல் முறையைச் சார்ந்தது, ஆசிரிய கலாசாலைக்குரியது என ஒதுக்கிவிடுகின்றோம். இவ்வொதுக்கல் பொருத்தமானதன்று. வாசிப்பவர் இடையில் நிறுத்தி ஒரு வினாவை எழுப்பும்போது, கதையின் ஒரு பகுதியின்மீது ஒளி பாய்ச்சுகின்றார். பிறிதொரு பகுதியை இருளில் விடுகின்றார். எதைக் கேட்பது, எதைக் கேளாது விடுவது என்னும் தெரிவில் அவருடைய உலக நோக்கு வெளிப்பட்டே தீரும். விமர்சகன் செய்வதும் ஏறத்தாழ இதனையே.

இக்கட்டுரையில் நாம் தெஹியோவிட்டப் பகுதியை முன்வைத்து இவ்விடயத்தை நோக்க முற்படுகின்றோம். கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை வழியாக அட்டன் செல்லும் பெருவீதியில் இவ்வூர் அமைந்துள்ளது. றப்பரும் தாழ்நிலத் தேயிலையும் இங்கு செய்கை பண்ணப்படுகின்றன. மலையகம் என்றவுடன் எமது மனக்கண் முன் தோன்றும் நுவரெலியாவின் தொடர்ச்சியான தேயிலைப் பரப்பு இங்கில்லை. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களினிடையே சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்துப் பிள்ளை வாய் திறக்கத் தொடங்கும் நாள் முதலே இரு மொழிகளின் ஒலியைக் கேட்கின்றது. கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் தமிழ்மொழிமூல உயர்தர வகுப்புகள் போதாமை நெடுங்காலக் குறையாதலால், பெற்றோர் பலர் பிள்ளைகளைச் சிங்களமொழிப் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றனர். எனவே, இங்கு தமிழில் ஒரு கதையைக் கேட்பது என்பதே சற்று அருமையான காரியம். அவ்வருமையை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம்?

யாவரும் அறிந்த கதையொன்றினையே எடுத்துக்கொள்வோம். பாட்டி வடை சுடுகின்றாள். காகம் ஒரு வடையைக் கவர்ந்து மரத்திலே அமர்கின்றது. நரி அதன் குரலைப் புகழ்கின்றது. காகம் பாட, வடை விழுகின்றது. வகுப்பில் இக்கதை வாசிக்கப்பட்டபின் எழும் வினாக்கள் எத்தகையன என்பது எம்மனைவருக்கும் மனப்பாடம். காகம் எங்கே அமர்ந்தது? நரி யாது கூறியது? இக்கதையால் நாம் அறியும் நீதி யாது? முதலிரண்டும் நினைவைச் சோதிப்பன. மூன்றாவதற்கு விடை முன்பே எழுதப்பட்டுள்ளது: முகத்துதிக்கு மயங்கலாகாது.

இம்மூன்று வினாக்களினுள்ளும் பாட்டி எங்கே? மாவரைத்தவள் அவள், அடுப்பு மூட்டியவள் அவள், எண்ணெய்க்குப் பணம் கொடுத்தவளும் அவளே. காகம் திருடியது அவளுடைய உழைப்பின் பயனை. நரி தந்திரத்தாற் பெற்றதும் அதனையே. கவர்ந்தவனுக்கும் ஏமாற்றியவனுக்கும் இடையிலான பிணக்கு கதையின் மையமாகிவிட, உற்பத்தி செய்தவள் முதல் வாக்கியத்தோடு மறைந்துவிடுகின்றாள். தோட்டப்புறத்தின் வரலாற்றை ஓரளவேனும் அறிந்தவர்களுக்கு இம்மறைவு புதிதன்று. பால் வெட்டியவரும் கொழுந்து எடுத்தவரும் முதல் வாக்கியத்துக்குப் பின் இடம்பெறாத கதைகள் பல இந்நாட்டில் எழுதப்பட்டுள்ளன. “வடை போனதும் பாட்டி என்ன செய்திருப்பாள்?” என்று ஆசிரியர் கேட்பாராயின், அதே கதை வேறொரு கதையாகிவிடும். அவ்வாறு கேட்பதற்குப் புதிய பாடநூலோ பணமோ வேண்டியதில்லை.

இக்கதையைப் பற்றிய சர்ச்சை பழையது என்பதையும் ஈண்டு குறிப்பிடல் தகும். ரூசோ 1762இல் வெளியிட்ட ‘எமில்’ என்னும் நூலில், லா பொந்தேன் செய்யுளாக்கிய காகமும் நரியும் கதையை வரிவரியாக எடுத்து, இதனைக் கேட்கும் குழந்தை எச்சொல்லிலே தடுமாறும், எதனைக் கேட்கும் என்று விசாரிக்கின்றார். முடிவில் அவர் கூறுவது, இக்கதையைக் கேட்கும் குழந்தைகள் காகத்தின் இடத்திலே தம்மை வைத்துப் பார்ப்பதில்லை, நரியின் பக்கமே சாய்கின்றனர் என்பதாகும். அதனால் இத்தகைய கதைகளைச் சிறுவருக்குக் கொடுத்தலே தகாது என்ற நிலைக்கு அவர் செல்கின்றார். நாம் அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. ரூசோ முன்னிருந்த கதையில் பாலாடைக்கட்டிக்கு உரியவர் எவரும் தோன்றவில்லை. எமது கதையிலோ பாட்டி இருக்கின்றாள். தமிழ்க் கதைசொல்லி எவரோ அவளை உள்ளே கொணர்ந்துள்ளார். கதையை விலக்குவதினும், அவளைப் பற்றிக் கேட்பதே எமக்கு எளிது.

இனி வினாவின் இயல்பு பற்றி. பவணந்தி முனிவரின் நன்னூல் வினாவினை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுக்கின்றது. விடையை அறிந்திருந்தும் மாணாக்கனின் அறிவை அளக்க ஆசிரியன் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ள மாணாக்கன் ஆசிரியனிடம் கேட்பது அறியா வினா. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளும் இப்பங்கீட்டையே பின்பற்றுகின்றன. வகுப்பறையின் அதிகார உறவு ஓர் இலக்கணச் சூத்திரத்துக்குள் இவ்வளவு தெளிவாக அமைந்திருப்பது வியப்பூட்டுகின்றது. எமது இன்றைய பாடசாலை இவ்விடயத்தில் நன்னூலைவிட்டு ஓரடியும் நகரவில்லை. இன்னும் சொல்லப்போனால், அறியா வினாவையும் மாணாக்கனிடமிருந்து பறித்துக்கொண்டு, அறிவினாவை மட்டும் மிச்சம் வைத்துள்ளது. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் ஆரம்ப வகுப்புகள் வரை நீண்டு கிடக்கும் சூழலில், ஆசிரியரை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

ஆனால், தோட்டத்துப் பிள்ளைக்கு மிகவும் பழக்கமான வினா அறிவினாவுமன்று. அது ஏவல் வினா. “சாத்தா, உண்டாயா?” என்று கேட்டு உண்ணச் செய்வதை இலக்கண ஆசிரியர் எடுத்துக்காட்டுவர். பெரட்டுக் களத்தில் “ஏன் நேற்று வேலைக்கு வரல?” என்று கேட்கப்படும்போது கேட்பவருக்கு வேண்டியது காரணமன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகத் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் தொழிலாளியிடம் கேட்டவை பெரும்பாலும் வினா வடிவிலமைந்த கட்டளைகளே. விடை கூறுவது ஆபத்தானது, மௌனம் பாதுகாப்பானது என்னும் பாடத்தை லயத்திலே வளரும் பிள்ளை பாடசாலைக்குச் செல்லுமுன்னரே கற்றுவிடுகின்றது.

இதனோடு மற்றொரு வரலாற்றையும் சேர்த்து நோக்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும் இம்மக்களை ஒரு நீண்ட விசாரணைக்கு உட்படுத்தின. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டுகளும் மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிரூபிக்கவேண்டியிருந்தது. எழுத்தறிவற்ற முதியவர் ஒருவர் அதிகாரிக்கு அளித்த விடையிலேயே அவருடைய பேரப்பிள்ளைகளின் நாடு எது என்பது தங்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணாகக் கொண்டு பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை இப்பிரச்சினை இழுபட்டது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் சப்ரகமுவத் தோட்டங்களைத் தாக்கிய வன்செயல்களின்போது, பெயரையும் மொழியையும் பற்றிய வினாவே அச்சத்துக்குரியதாயிற்று. “உன் சொந்த ஊர் எது?” என்பது வேறிடத்தில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே கேட்கக்கூடிய வினா. இங்கு அது அவ்வளவு எளிய வினாவன்று.

ஆகவே, தோட்டப் பாடசாலையில் அல்லது முன்பள்ளியில் கதை வாசிக்கும்போது “பிள்ளைகள் வாய் திறப்பதில்லை” என்று முறையிடுவோர், அம்மௌனத்தை அறியாமை எனக் கொள்வது தவறு. அது வினாவைப் பற்றிய அறிவு.

பிள்ளைக்குக் கதை வாசிக்கும்போது வினாக்களை எழுப்புவதன் பயனை நிறுவிய ஆய்வுகளில் 1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைற்கேர்ஸ்ற்றும் அவர்தம் சகாக்களும் வெளியிட்டது பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. இரண்டு மூன்று வயதை அண்டிய குழந்தைகளுக்குப் படநூல் வாசிக்கும் பெற்றோர், ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றோடு முடியாத வினாக்களை எழுப்பவும், குழந்தை கூறியதைச் சற்று விரித்துத் திருப்பிச் சொல்லவும் பயிற்றப்பட்டனர். ஒரே மாத காலத்தில் அக்குழந்தைகள் பேச்சு வெளிப்பாட்டில் ஏனைய குழந்தைகளைவிட முன்னேறினர். பின்னர் மெக்சிக்கோவின் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களிலும் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. இவ்வாய்வுகளின் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. எனினும் முதலாவது ஆய்வு வசதியுள்ள குடும்பங்களிலே நிகழ்ந்தது என்பதும், படுக்கையறை, மின்விளக்கு, சொந்தமாக நூல், மாலையில் ஓய்வுள்ள தாய் ஆகியவற்றை அது இயல்பானவையாகக் கொண்டது என்பதும் கவனிக்கத்தக்கன. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் செல்லும் தாயை நோக்கி, “பிள்ளைக்கு இரவில் கதை வாசியுங்கள்” என்று அறிவுரை கூறுவது எளிது. இங்கு கதை வாசிக்கக்கூடியவர் பெரும்பாலும் மூத்த சகோதரி, முன்பள்ளி ஆசிரியை, அல்லது பழைய வழக்கில் பிள்ளைக்காம்பரா என அழைக்கப்பட்ட நிலையத்தின் பொறுப்பாளர். பயிற்சியும் நூலும் சென்றடையவேண்டியது அவர்களையே.

எமக்கு இதனினும் அணுக்கமானது 1983இல் வெளிவந்த ஷேர்லி பிறைஸ் ஹீத்தின் ஆய்வு நூல். கரோலினாவின் ஆலைத் தொழிலாளர் மத்தியில் பல்லாண்டு வாழ்ந்து அவர் இந்நூலை எழுதினார். அவர் ஆராய்ந்த கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், தமக்கு விடை தெரிந்த வினாவைப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்பது அரிது. “இது எதைப் போல இருக்கிறது?” என்பது போன்ற, ஒப்புமை தேடும் வினாக்களே அங்கு வழக்கம். அப்பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தபோது, “இது என்ன நிறம்?” என்று நிறத்தை நன்கறிந்த ஆசிரியை கேட்பதன் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை. மந்தபுத்தியினர் எனப் பெயரெடுத்தனர். ஆசிரியர்கள் தம் வினாக்களின் வகையை மாற்றியபோது அதே பிள்ளைகள் பேசத் தொடங்கினர். தெஹியோவிட்டவும் கரோலினாவும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. ஆயினும், பிள்ளையின் மௌனத்துக்கு விளக்கம் தேடுவோர் முதலில் தமது வினாவை ஆராயவேண்டும் என்னும் முறைமை எமக்கும் உகந்ததே. (பௌலோ பிறேயிரின் பெயர் எமது கருத்தரங்குகளில் தவறாது உச்சரிக்கப்படுகின்றது. அக்கருத்தரங்குகளிலும் பேச்சாளரே வினாவி, அவரே விடையிறுத்து அமர்வதைக் காண்கின்றோம்.)

தோட்டத்து மக்களிடம் தமக்கேயுரிய வினா மரபொன்று இல்லை என இதனாற் கொள்ளுதல் கூடாது. விடுகதை போடும் பாட்டி லயத்திலே உண்டு. கதை சொல்பவர் கேட்பவரின் ‘ஊம்’ இல்லாவிடிற் கதையை நிறுத்திவிடுவார். அந்த ‘ஊம்’ கேட்பவரும் கதையின் பங்காளர் என்பதற்கான ஒப்புதல். மாசி, பங்குனி மாதங்களில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்திலே மன்மதன் எரிக்கப்படுகின்றான். தஞ்சைப் பகுதி லாவணியில், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் இரவு முழுவதும் பாட்டால் வாதிடுவதுண்டு. முடிந்த முடிபு இல்லாத வினாவை மக்கள் கலையாக்கிய வகை இது. எமது பாடநூலாக்கக் குழுவினர் ஓர் இரவேனும் இத்தகைய வாதத்தைக் கேட்டிருந்தால், பாட இறுதியில் வரும் ‘வினாக்கள்’ பகுதி வேறுவிதமாக அமைந்திருக்கும்.

வேதாளக் கதைகளை நோக்குக. 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமா வாயிலாக அவை ஈழத்துச் சிறுவர் பல தலைமுறையினரை எட்டின. ஒவ்வொரு கதையும் வினாவிலே முடிகின்றது. தெரிந்தும் விடை கூறாவிடின் அரசனின் தலை வெடிக்கும், கூறினாலோ வேதாளம் மீண்டும் மரமேறும். இது அச்சுறுத்தும் அறிவினாவின் உச்சம். ஆயின் சோமதேவரின் கதாசரித்சாகரத்திலுள்ள வடிவில், கடைசிக் கதையின் வினாவுக்கு அரசனுக்கு விடை தெரியவில்லை, அவன் வாளாவிருக்கின்றான். அப்போதுதான் வேதாளம் மகிழ்ந்து அவனுக்கு உண்மையை உரைக்கின்றது. அத்தனை கதைகளிலும் அறிவுத்திறனாற் பெற இயலாததை, அறியேன் என்னும் மௌனத்தாற் பெறுகின்றான். இக்கடைசிக் கதையை வகுப்பில் வாசிப்போர் எத்தனை பேர்?

எமது நிலைப்பாடு இதுவே: கதை வாசிக்கும் ஆசிரியர் அறியா வினாவைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும். தமக்கு உண்மையிலேயே விடை தெரியாத, பிள்ளைக்குத் தெரியக்கூடிய ஒன்றைக் கேட்கவேண்டும். “வடை போனதும் பாட்டி என்ன செய்திருப்பாள்?” என்பதற்குப் பாடநூலில் விடை இல்லை, ஆசிரியரின் குறிப்பேட்டிலும் இல்லை. அங்கே பிள்ளையும் ஆசிரியரும் ஒரே தளத்தில் நிற்கின்றனர்.

அவ்வாறு கேட்டபின் வரும் விடையை ஏற்கும் மனப்பாங்கும் வேண்டும். இங்கும் நன்னூல் எமக்குத் துணை நிற்கின்றது. அது விடையை எட்டாக வகுத்து, சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரான விடைகள் என்றும், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் விடைப்பொருளைக் குறிப்பால் தருவன என்றும் கொள்கின்றது. “ஆடுவாயா?” என்றதற்குக் “கால் வலித்தது” என்பது உற்றதுரைத்தல். பாடசாலை முதல் மூன்றையே விடை என ஏற்கின்றது. பிள்ளைகளோ ஏனைய ஐந்திலேதான் பெரிதும் பேசுகின்றனர். “பாட்டி ஏன் காகத்தைத் துரத்தவில்லை?” என்று கேட்கும்போது, “எங்க அம்மாயிக்கும் முழங்கால் வலி” என்று ஒரு பிள்ளை கூறுமாயின், “கேட்டதற்கு மட்டும் பதில் சொல்” என்று அதட்டப்படுவதே வழமை. இலக்கண நோக்கிலும் அது விடை. இலக்கிய நோக்கில் மிகச் சிறந்த விடை. கதையினுள் இல்லாத ஒரு காரணத்தைத் தன் வாழ்விலிருந்து எடுத்து அப்பிள்ளை கதையை நிறைவு செய்கின்றது. “பாட்டிக்கு யாரும் உதவிக்கு இல்லையா?” என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால், அது வினா எதிர் வினாதல். அந்நொடியில் அறியா வினா அதற்குரிய பழைய உரிமையாளரிடமும் மீண்டுவிடுகின்றது.

மொழி பற்றியும் ஒரு சொல். அச்சிட்ட கதையின் தமிழ் தோட்டத்துப் பிள்ளையின் பேச்சுத் தமிழிலிருந்து வெகு தொலைவிலுள்ளது. வாசிப்பு எழுத்துத் தமிழிலும் வினா பேச்சுத் தமிழிலும் அமையுமானால், வினாவே இரண்டுக்குமிடையில் பாலமாகும். தெஹியோவிட்டப் பிள்ளையின் விடையிலே சிங்களச் சொல் கலந்து வருவதும் இயல்பு. அதைத் திருத்துவதற்கு இது நேரமன்று. மாறாக, அக்கலப்பிலிருந்து புதிய வாசிப்பே பிறக்கக்கூடும். சிங்கள நாட்டார் கதைகளிலே மகாதெனமுத்தா என்றொரு முதியவர் உண்டு. யாவும் அறிந்தவர் எனத் தம்மைக் கருதுபவர்; ஐந்து சீடர்களை உடையவர். பானைக்குள் தலை சிக்கிய ஆட்டைக் காக்க, முதலில் ஆட்டின் தலையை வெட்டச் செய்து பின்னர் பானையை உடைப்பித்தவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கும் சீடர்கள் ஐவரே. இரு மொழியினரும் எல்லாம் தெரிந்த ஆசானைக் கண்டு ஒருசேரச் சிரித்துள்ளனர். பரமார்த்த குருவின் கதையொன்றினைத் தமிழில் வாசித்து, “இதைப் போலச் சிங்களத்தில் கேட்ட கதை உண்டா?” என்று இப்பகுதி வகுப்பிலே கேட்டுப் பார்க்கலாம். அவ்வேளை விடை தெரியாதவர் பெரும்பாலும் ஆசிரியரே. நுவரெலியாவிற் பிறந்து வளர்ந்து இங்கு நியமனம் பெற்ற ஆசிரியராயின் அது இன்னும் உறுதி.

வினாவே வேண்டாம் என்போரும் உளர். பிரெஞ்சு நாவலாசிரியரும் ஆசிரியருமான தானியல் பெனாக் 1992இல் வெளியிட்ட நூலில், உரக்க வாசித்தல் ஒரு கொடை, அதற்கு ஈடாகப் பிள்ளையிடம் எதனையும் கோரலாகாது என வாதிடுகின்றார். கதையின் ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வினாவெனத் தண்டல் செய்யும் ஆசிரியர்களைக் காணும்போது நாமும் அவர் பக்கமே சாய்கின்றோம். முதல் வாசிப்பு இடையீடின்றி நிகழவேண்டும். அழுகை வரும் இடத்திலும் சிரிப்பு வெடிக்கும் இடத்திலும் வினா எழுப்புவது கொடுமை. பிள்ளைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பர். இரண்டாம், மூன்றாம் வாசிப்பில் ஓரிரு வினாக்கள் போதும். ஆனால், பெனாக்கின் மாணவருக்குக் கேட்கப்படாமை என்பது விடுதலை. தம் கருத்தை எவரும் என்றுமே உண்மையாகக் கேட்டறியாத மக்களின் பிள்ளைகளுக்கு அது பழைய நிலையின் தொடர்ச்சியாகிவிடலாம். இவ்வேறுபாட்டை மறந்து அவரை அப்படியே பின்பற்றுதல் எமக்கு ஒவ்வாது.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்திலே கல்விக்கு இடமளிக்கும் கடப்பாட்டை நிர்வாகத்தின்மீது சுமத்திய காலத்திலிருந்து, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதன் பின் பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்த காலம் வரை, இக்கல்வியைப் பற்றிய அறிக்கைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் கட்டடங்களும் வரவுத் தொகையும் எண்ணப்பட்டன. பிள்ளைகள் என்ன கூறினர் என்பதைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின் அவை பெரும்பாலும் அழிந்திருக்கும். அதே போன்ற பணியொன்று இங்கும் காத்திருக்கின்றது. தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதி முன்பள்ளிகளிலும் ஆரம்ப வகுப்புகளிலும் ஒரே கதையை வாசித்து, பாட்டியைப் பற்றிய அந்த ஒரு வினாவை எழுப்பி, பிள்ளைகள் கூறுவதை அவர்கள் கூறியவாறே, சிங்களச் சொற்களைத் திருத்தாது, எழுதி வைக்கலாம். விடுமுறையில் தம் தோட்டங்களுக்குத் திரும்பும் பல்கலைக்கழக மாணவர் சிலரும் ஒரு கொப்பியும் இதற்குப் போதும். பிள்ளையின் பெயரை எழுதவேண்டியதில்லை. வயதும் தோட்டமும் குறிக்கப்பட்டால் நன்று.